பத்து நாற்பதுக்கு வரும் கோபம்

அந்தப் பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்குக் கணீர் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி அவருடைய மாமியாரைத் தவிர யாரும் கூப்பிட்டதில்லை. எட்டு நடைமேடைக்கும் கேட்கிற குரல். அவர் வாயைத் திறந்தால் பெஞ்சில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான், உட்கார்ந்திருப்பவன் மூட்டையைத் தூக்குவான்.

அவருடைய மனைவிக்கும் வேலை அதே நிலையத்தில்தான், பார்சல் கவுண்ட்டரில். அறிவிப்பு அறை மாடியில். பார்சல் கவுண்ட்டர் அதற்கு நேர் கீழே. அவள் தலைக்கு மேலேயே ஒரு குழாய் ஸ்பீக்கர். வீட்டிலும் அந்தக் குரல், வேலையிலும் அந்தக் குரல். போன ஜென்மத்தில் யாரையோ பேசவிடாமல் தடுத்த பாவம் என்று அவள் சொல்லிக்கொள்வாள்.

கணீருக்கு இருபத்திரண்டு வருஷமாகச் சர்க்கரை. காலையில் எட்டரைக்கு அறிவிப்பு அறையிலேயே சட்டையைத் தூக்கி வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்வார். அரை மணிக்குள் டிபன் டப்பாவைத் திறந்துவிட வேண்டும். இது ஒரு நாளும் தவறியதில்லை. ஒரே ஒரு நாள் தவறியது. அன்றைக்கு மூன்று வண்டி வழியில் நின்றுபோய், அறிவிப்புக்கு மேல் அறிவிப்பு. டப்பா மூடியபடியே கிடந்தது. மணி பத்து நாற்பது ஆயிற்று.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாம் நடைமேடையிலிருந்து பத்து நாற்பதுக்குப் புறப்பட வேண்டிய பேருந்து..."

குரல் நின்றது. பிறகு வந்தது பாருங்கள்!

"...எங்கே தொலைந்தது என்று எனக்குத் தெரியாது. ஓட்டுகிறவன் என் மச்சான். அவன் கல்யாணத்துக்கே அவன் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தவன். பொண்ணு வீட்டுக்காரர்கள் மண்டபத்து வாசலில் காவல் நின்றார்கள். இன்றைக்கு மட்டும் வந்து கிழித்துவிடுவானா? கழிவறையில் தண்ணீர் இல்லை. குடிநீர்க் குழாயில் காற்று வருகிறது. கண்காணிப்பாளர் அறையில் மட்டும் ஏசி ஜம்மென்று ஓடுகிறது. பயணிகள் தயவுசெய்து பொறுமை காக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

 எங்கோ ஒருவன் விசில் அடித்தான். அவள் போட்டது போட்டபடி படியேறி ஓடினாள். மனுஷன் தொப்பலாக நனைந்திருந்தார், கை வெடவெடவென்று ஆடியது. விரலில் குத்திப் பார்த்தால், எழுபதுக்கு மேல் இருக்க வேண்டிய சர்க்கரை மீட்டரில் ஐம்பத்து நாலு. சர்க்கரையை வாயில் கொட்டி, பழச்சாற்றையும் ஊற்றினாள். கால் மணி நேரத்தில் பசு மாதிரி ஆகிவிட்டார்.

"நான் என்னம்மா பேசினேன்?" என்று கேட்டார்.

"பேசினீங்களா? ஊரையே கிழிச்சுத் தொங்க விட்டீங்க."

கண்காணிப்பாளர் மெமோ அடித்துக்கொண்டு வந்தார். ஆனால் கணீருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவின் கடிதம் அதற்கு முன்னால் வந்து நின்றது. 'இரத்தத்தில் சர்க்கரை குறைந்ததால் அட்ரினலின் பெருகி ஏற்பட்ட தற்காலிக எரிச்சல். இதற்கு நோயாளி பொறுப்பல்ல.' மூன்றே வரிதான். கண்காணிப்பாளர் அதை இரண்டு தடவை படித்தார், போய்விட்டார். சாயங்காலமே கழிவறையில் தண்ணீர் வந்தது.

ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவும். கணீர் அந்தக் கடிதத்தை லேமினேஷன் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் இன்னொரு நாள் 'சர்க்கரை இறங்கியது'. அதற்கடுத்த வாரம் இரண்டு நாள். என்ன ஆச்சரியம், எப்போது இறங்கினாலும் சரியாகப் பத்து நாற்பதுக்கே இறங்கியது. உடைந்த பெஞ்ச், எரியாத விளக்கு, ஐந்தாம் நடைமேடையில் படுத்திருக்கும் வெள்ளை நாய், எல்லாம் மைக்கில் வந்தது. முடிவில் மச்சானுக்குத் தவறாமல் ஒரு குத்து. டீக்கடைக்காரர் பத்தரைக்கே கூடுதலாக நாலு ஸ்டூல் எடுத்துப் போட ஆரம்பித்தார். தங்கள் வண்டியைக் கோட்டைவிட்டுவிட்டுக் கேட்டவர்களும் உண்டு.

அவளுடைய தம்பி வீட்டுக்கே வந்து குமுறினான்.

"அக்கா, உன் புருஷனுக்குச் சர்க்கரை இறங்கினா என் மானம் ஏன்க்கா கப்பலேறணும்? நேத்து ஒரு கிழவர் வண்டியில ஏறும்போது, கல்யாணத்துக்கு லேட்டா வந்தவர் நீங்கதானான்னு கேக்கறார்!"

"நீதானே வந்தே?"

"வந்தேன். அதை எட்டு பிளாட்பாரத்துக்கும் சொல்லணுமா?"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பார்சல் கவுண்ட்டரில் மின்விசிறி வேண்டுமென்று அவள் மூன்று வருஷமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பத்து நாற்பதுக்கு கணீர், "பார்சல் கவுண்ட்டரில் ஒரு பெண்மணி வெந்துகொண்டிருக்கிறார், அவரை எந்த ஊருக்கு அனுப்புவதாக உத்தேசம்?" என்று கேட்டார். மறுநாள் விசிறி வந்துவிட்டது, புத்தம் புதியது, மூன்று இறக்கை. அதற்கப்புறம் அவள் எதையும் துருவிக் கேட்கவில்லை. காற்று நன்றாக வந்தது.

குட்டை உடைத்தது புறாக்கள். ஒரு நாள் அறிவிப்பு அறை ஜன்னலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பத்துப் பதினைந்து புறாக்கள், பறக்கவே சோம்பல்படும் அளவுக்குக் கொழுத்து உட்கார்ந்திருந்தன. அவற்றின் நடுவே, காலையில் அவள் கட்டிக் கொடுத்த ரொட்டித் துண்டுகள் கிடந்தன.

"ஏங்க, ஊசியைப் போட்டுக்கிட்டு சாப்பாட்டைப் புறாவுக்குப் போடறீங்களா?"

கணீர் முழித்தார். பிறகு கள்ளச் சிரிப்பு ஒன்று சிரித்தார்.

"கத்தாதே. எல்லாம் ஒரு கணக்காத்தான் செய்யறேன். ஊசி போட்டுச் சாப்பிடாம இருந்தா, பத்தரைக்கு வேர்க்க ஆரம்பிக்கும், நெஞ்சு அடிச்சுக்கும், கை ஆடும். அதுதான் மணி. மணி அடிச்சதும் மைக்கைப் போட்டுத் திட்டறேன். திட்டி முடிச்ச கையோட பழச்சாறு. ஒரு ஆபத்தும் இல்ல."

"அடப் பாவி மனுஷா! சும்மாவே திட்டித் தொலைக்கலாமே? இறங்கின மாதிரி நடிச்சா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே," என்றார் கணீர். முகத்தில் சிரிப்பு இல்லை. "சும்மா இருக்கும்போது எனக்குத் தைரியம் வராதும்மா. பதினெட்டு வருஷமா கனிவான கவனம் கனிவான கவனம்னு சொல்லிச் சொல்லி நாக்கே கனிஞ்சுபோச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "அதுவும் இப்பல்லாம் கோபம் லேசில வர மாட்டேங்குது. முன்ன அறுபதுல வந்தது. இப்ப நாப்பத்தஞ்சுக்கு இறங்கினாத்தான் கொஞ்சமாவது வேர்க்குது."

நாளையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதாக அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவளுக்கு அந்த நாற்பத்தைந்து மட்டும் மனசில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை டாக்டரம்மா தனக்கு வந்த பார்சலை வாங்கக் கவுண்ட்டருக்கே வந்தார். அவள் ரசீதை நீட்டியபடி மெதுவாக விஷயத்தை எடுத்தாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எவ்வளவு நாளா இந்தக் கூத்து?"

"மூணு மாசம் இருக்கும்."

"இங்க பாரும்மா, புரியற மாதிரி சொல்றேன். சர்க்கரை குறைஞ்சா உடம்பு சும்மா இருக்காது. கல்லீரல்ல கொஞ்சம் சர்க்கரை சேமிப்பு இருக்கு. குளுக்ககான்னு ஒரு ஹார்மோன் போய், கிடங்கைத் திறந்து விடுன்னு சொல்லும். அதுதான் முதல் ஆள். உங்க வீட்டுக்காரருக்கு இருபது வருஷத்துக்கு மேல சர்க்கரை. இந்த மாதிரி நேரத்துல அந்த ஆள் இப்ப எழுந்து வர்றதே இல்ல. ரெண்டாவது ஆள் அட்ரினலின். அதுவும் கிடங்கைத் திறக்கும், கூடவே ஊரைக் கூட்டும். வேர்வை, நடுக்கம், படபடப்பு, எரிச்சல் எல்லாம் அது போடற சத்தம்தான். எதையாவது தின்னுடான்னு கத்துது."

"அப்புறம் வேற யாரும் இல்லையா?"

"கார்ட்டிசால் இருக்கு, வளர்ச்சி ஹார்மோன் இருக்கு. வருவாங்க, பந்தி முடிஞ்சு இலை எடுத்தப்புறம் வர்ற சொந்தக்காரங்க மாதிரி. அவசரத்துக்கு உதவறது அட்ரினலின் மட்டும்தான். அதைப் போய் தினம் தினம் கூப்பிட்டு வேடிக்கை காட்டினா? அடிக்கடி சர்க்கரை இறங்கினா, இதுதான் வழக்கம் போலன்னு உடம்பு பழகிடும். அட்ரினலின் வர்றது குறைஞ்சுக்கிட்டே போகும். ஒரு நாள் சுத்தமா வராது. வேர்க்காது, நடுங்காது, கோபமும் வராது. மூளைக்குச் சர்க்கரை இல்லாம, சிரிச்ச முகமா அப்படியே சாஞ்சிடுவார். நாப்பத்தஞ்சுல லேசா வேர்க்குதுன்னா, அந்த நாள் பக்கத்துல இருக்குன்னு அர்த்தம்."

தலைக்கு மேலே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதை அண்ணாந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது. அவர் உயிருக்கு இருந்த ஒரே காவலைத் தானும் சேர்ந்துதான் விற்று, அதில் காற்று வாங்கிக்கொண்டிருந்ததாக நினைத்தாள்.

அப்போது மணி பத்து நாற்பது. ஸ்பீக்கர் கரகரத்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாம் நடைமேடைக்கு வர வேண்டிய பேருந்து கொஞ்சம் தாமதம். பரவாயில்லை. ஓட்டி வருகிறவர் என் அருமை மச்சான். தங்கமான பிள்ளை. நிதானமாக வரட்டும். எல்லோரும் நன்றாக இருக்கட்டும். வானம் எவ்வளவு... எவ்வளவு..."

டீக்கடைப் பக்கம் ஒரே சிரிப்பு. இன்றைக்கு நையாண்டி புது மாதிரி என்று கைதட்டினார்கள். அப்போதுதான் உள்ளே நுழைந்த வண்டியிலிருந்து இறங்கிய தம்பி, காதில் தேன் பாய்ந்தவனாக நின்றான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. எந்தக் காலத்திலும், எந்தக் கல்யாணத்திலும், எந்தத் துக்கத்திலும் அந்த மனுஷன் வாயிலிருந்து அவள் தம்பியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. கோபம் வரவில்லை! அந்த நாள் வந்துவிட்டது!

அவள் படியேறி ஓடினாள். டாக்டரம்மா பின்னால் ஓடினார். மாமாவுக்கு நன்றி சொல்லலாம் என்று தம்பியும் சிரித்துக்கொண்டே ஏறி வந்தான்.

கணீர் நாற்காலியில் சாய்ந்து, புன்னகையோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியத்தை மறந்து அன்றைக்கும் போட்ட ரொட்டியைப் புறாக்கள் அங்கே கொத்திக்கொண்டிருந்தன. நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. கை ஆடவில்லை. மீட்டர் முப்பத்தொன்பது காட்டியது. பழச்சாற்றை வாயருகே கொண்டுபோனாள். அன்பாகத் தள்ளிவிட்டார்.

"நீ குடிம்மா. நீ பாவம்," என்றார்.

"ஐயோ, குடிங்க! ஒரே ஒரு வாய்!"

"எனக்கு வேண்டாம். எனக்கு எல்லாம் நிறைஞ்சிருக்கு."

கெஞ்சினாள், அதட்டினாள், அழுதாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு சிரித்தார். நினைவு இருக்கும்போதே குடிக்க வைத்தாக வேண்டும், தப்பினால் சர்க்கரையை ஏற்றும் ஊசிதான் என்று டாக்டரம்மா பையில் துழாவிக்கொண்டிருந்தார். அவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. டம்ளரைத் தூக்கித் தம்பி கையில் கொடுத்தாள்.

"டேய், இதை நீ குடி. மாமாவுக்கு வேண்டாமாம். இனிமே மாமாவோடது எல்லாம் உனக்குத்தான்."

"எனக்கு எதுக்குக்கா..."

"குடிக்கிற மாதிரி வாயில வைடா முட்டாளே!"

தம்பி டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனான். கணீரின் புன்னகை நின்றது. மூளையில் விளக்கெல்லாம் அணைந்துவிட்ட அந்த நேரத்திலும், எந்த மூலையில் எந்தத் திரி எரிந்துகொண்டிருந்ததோ, கை பாய்ந்து வந்து டம்ளரைப் பிடுங்கியது. மடக் மடக்கென்று முழுவதையும் குடித்துவிட்டு, மச்சானை முறைத்தார். அவள் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள்.

தெளிந்த பிறகு டாக்டரம்மா வைத்த கச்சேரியைச் சொல்லி முடியாது. கடிதத்தை அவர் சட்டைப்பையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். இன்சுலின் அளவைக் குறைத்தார். குறைந்தது மூன்று நாலு வாரம் சர்க்கரை எழுபதுக்குக் கீழே ஒரு தடவைகூடப் போகக் கூடாது, கொஞ்சம் ஏறியே இருந்தாலும் பரவாயில்லை என்றார்.

"அப்படி இருந்தா அந்த மணி திரும்பி வருமா டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"நிறைய பேருக்கு வருது. இவருக்கு வரும்னு நான் எழுதித் தர முடியாது. வந்துடுச்சான்னு பாக்கறதுக்காக வேணும்னு இறக்கிப் பாத்தீங்கன்னா, என்கிட்ட வராதீங்க."

அதிலிருந்து அந்த வீட்டில் ஒரு விசித்திரமான காத்திருப்பு தொடங்கியது. எல்லா வீட்டிலும் புருஷன் சாந்தமாக இருந்தால் சாமிக்கு விளக்கேற்றுவார்கள். இவள் அவர் சாந்தமாக இருந்தால் விரலில் குத்தினாள். குளிக்கப் போனால் கதவைத் தட்டினாள், பத்து நிமிஷம் பேசாமல் இருந்தால் உலுக்கினாள். கணீரும் ஆடிப்போயிருந்தார். மைக்கில் கனிவான கவனத்தைத் தவிர ஒரு வார்த்தை கூடுதலாக வரவில்லை. டீக்கடைக்காரர் ஸ்டூல்களை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் திடீரென்று தட்டைத் தள்ளினார்.

"உப்புன்னு ஒண்ணு கடையில விக்கிதே, கேள்விப்பட்டிருக்கியா? மனுஷன் திங்கற சாப்பாடா இது?"

"வந்துடுச்சா!" என்று துள்ளிக்கொண்டு மீட்டரை எடுத்து ஓடிவந்தாள். நூற்று இருபத்தொன்று. உப்பு நிஜமாகவே இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கத்தான் பார்த்தார்கள், முடியவில்லை.

"வராமலே போயிட்டா என்னம்மா பண்றது?" என்றார் கணீர், தட்டைப் பார்த்துக்கொண்டே.  அவள் உப்பை எடுத்துவந்து போட்டாள்.

ஐந்தாவது வாரம். அன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தார். ஆனால் ஸ்பீக்கர் ஒயர் சரிபார்க்கப் பத்து மணிக்கு எட்டு நடைமேடையும் ஏறி இறங்கியிருந்தார். பத்து நாற்பத்தைந்து. மச்சான் வண்டி வழக்கம்போல வரவில்லை. கவுண்ட்டரில் உள்தொலைபேசி அடித்தது.

"இந்தாம்மா," என்றது கணீரின் குரல். அது கணீர் என்று இல்லை, நடுங்கியது. "எனக்குக் கோபம் கோபமா வருது. எதுக்குன்னே தெரியல. டெலிபோனைப் பார்த்தாக் கூட உடைக்கணும் போல இருக்கு. சட்டை நனைஞ்சு போச்சு. மைக்கை அணைச்சுட்டேன். பழச்சாறு கையிலதான் வச்சிருக்கேன், குடிச்சிட்டே இருக்கேன். நீ வா."

அவள் எப்படி மேலே போனாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் வேர்வையில் குளித்திருந்தார்; மீட்டர் அறுபத்து மூன்று காட்டியது. நாற்பதில்லை, நாற்பத்தைந்தில்லை. அறுபத்து மூன்றிலேயே அது வந்துவிட்டது!

"தள்ளி நில்லு, ஏன் மேல வந்து விழறே, எரிச்சலா இருக்கு!" என்று சீறினார்.

"திட்டுங்க," என்று அவர் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நல்லாத் திட்டுங்க. என் ராசா, இன்னும் ரெண்டு திட்டுங்க!"

தொலைபேசி மறுபடி அடித்தது. கண்காணிப்பாளர். அறிவிப்பு எங்கே, ஜனங்கள் மூன்றாம் நடைமேடையில் கூடி நிற்கிறார்கள் என்று கத்தினார். ஜன்னல் வழியே பார்த்தாள். நூறு தலைகளும் அண்ணாந்து ஸ்பீக்கரையே ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தன. நீண்ட நாளைக்கப்புறம் இன்றைக்கு உண்டு என்ற எதிர்பார்ப்பு எல்லா முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. கணீர் வாயில் ஸ்ட்ராவோடு கையை விரித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பத்து நாற்பது வண்டி இன்னும் வரவில்லை. வந்ததும் அறிவிக்கப்படும்."

அதோடு விட்டிருக்கலாம். விரல் பட்டனை விட்டு எழவில்லை.

"இன்னொண்ணு. எதுக்கு அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். இனிமே அவர் திட்ட மாட்டார். அவருக்கு வர்ற கோபம் அவர் உசுரைக் காப்பாத்த வர்றது. உங்களுக்குப் பொழுது போக வர்றதில்ல. போன இடம் தெரியாமப் போய் இன்னைக்குத்தான் திரும்பி வந்திருக்கு, அதை ஒருத்தருக்கும் குடுக்கறதா இல்ல. யாருக்காவது திட்டு வேணும்னா நான் இருக்கேன். டேய் தம்பி! பாலத்துக்குப் பக்கத்துல வண்டியை ஓரங்கட்டிட்டு அரட்டை அடிச்சுட்டு வர்றதை எல்லாரும் என்கிட்ட சொல்லியாச்சு. நூறு பேர் வெயில்ல நிக்கறாங்க, உனக்கு வெக்கமா இல்ல? கண்காணிப்பாளர் ஐயா, குடிதண்ணிக் குழாய்ல இன்னும் காத்துதான் வருது. பார்சல் கவுண்ட்டர் விசிறியைக் கழட்டி வெயிட்டிங் ரூம்ல மாட்டுங்க, எனக்கு அது வேண்டாம். நான் பார்சல் கவுண்ட்டர்ல வேலை பாக்கறவதான் பேசறேன். எனக்குச் சர்க்கரை கிடையாது. டாக்டர் சீட்டும் கிடையாது."

பட்டனை விட்டாள்.  கணீர் பழச்சாற்றை வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து, விரலில் புது ஊசியால் குத்தி, மீட்டரை நீட்டினார்.

"தொண்ணூத்தி ரெண்டு," என்றார் பயபக்தியோடு. "அடியம்மா! நல்லா இருக்கும்போதேவா இவ்வளவு?"

மாடிப்படியில் கண்காணிப்பாளரின் பூட்ஸ் சத்தம் தடதடவென்று ஏறி வந்தது. கணீர் பதறி எழுந்தார். அவள் அவரைத் தோளில் அழுத்தி உட்கார வைத்தாள்.

"நீங்க மிச்சத்தையும் குடிங்க," என்றாள். "அவர் வரட்டும்."